முந்தி வெட்டிய குலை

கெலி மீன் புரள்வதுபோல் இருக்கிறது என்றேன்,
வாளியில் போட்டு மூடிவைத்தால்
ராத்திரியில் திடீரென்று ஒரு அடி அடிக்குமே, அது.
டாக்டர் ஹனிசா சிரிக்கவில்லை.
மீன் என்றே எழுதிக்கொண்டார்.

பகாவ் டவுனுக்கு நாலு மைல் தள்ளி
செம்பனை ஆலையில் எடை பார்ப்பவள் நான்.
பதினேழு வருடம்.
லோரி மேடையேறும், எண் துள்ளும்.
இன்ஜின் அணைந்து, டிரைவர் இறங்கி,
பலகை அடங்கும்வரை பட்டனைத் தொடமாட்டேன்.
எனக்கா இப்படி?
பாயில் இடப்பக்கம் சாய்ந்ததும்
டக். டக். டடக்.
அப்புறம் ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லாததற்குள்
வீட்டுக்கடன், சின்னவளின் பல்,
ஈ.பி.எஃப். பணத்துக்கு யார் பேரைப் போட்டேன்
என்பதுவரை ஓடிவிடும்.
பிறகுதான் அந்த இடி,
உள்ளிருந்து யாரோ கதவை முட்டியதுபோல்.

நிற்கவில்லை, என்றார் டாக்டர்.
ஒன்று முறை தவறி முந்தி வந்துவிட்டது.
அடுத்தது தன் நேரத்துக்குக் காத்திருக்கிறது.
காத்திருக்கும் நேரத்தில் ரத்தம் கூடுதலாக நிறைகிறது,
அதைத் தள்ளும் தள்ளுதான் உங்கள் இடி.

நெஞ்சில் ஒட்டுகள், இடுப்பில் பெட்டி, கையில் நோட்டு.
துள்ளும்போதெல்லாம் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.
எழுதினேன்.
'9.50: கோப்பி ஓ, இரண்டாவது.'
'1.15: மேனேஜர் கத்தினார். துள்ளவில்லை.'
'11.40: சும்மா படுத்திருந்தேன்.'
'11.42: சும்மா.'
'11.47: சும்மா.'

ஒரு லட்சத்து நாலாயிரம் துடிப்பில்
முந்தியவை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.
எங்கள் கிரேடர் சிதம்பரநாதன்
குலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வான்:
"காய் இல்லாத லோரி இன்னும் பிறக்கவில்லை, அக்கா."
எக்கோ எடுத்தார்கள், இதயம் நல்ல இதயம் என்றார்கள்.
இரண்டாவது கோப்பியை விட்டேன்.
மீன் போகவில்லை.
அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான்.

நவம்பரில் வந்தது வேறு.
மீன் இல்லை, இடி இல்லை,
சுவிட்சைத் தட்டினாற்போல் தொடங்கியது.
கழுத்து அடித்தது. சட்டைப் பொத்தான் ஆடியது.
சுவர்க் கடிகாரத்தில் பதினைந்து நொடிக்கு எண்ணினேன்,
நாற்பத்தேழு.
நாலால் பெருக்க எனக்குத் தெரியும்.
தெரியாமல் இருந்திருக்கலாம்.

மேடையில் நின்ற ரோஸ்லியின் லோரியில்
இருபது டன் பழத்துக்கு முன்னால் என்னை ஏற்றினார்கள்.
ஏறும்போது பார்த்தேன்,
வெளிப்பலகையில் எண் இருபது இருபதாக
மூன்று தடவை கூடியது.

கிளினிக்கில் ஊசியில்லாத சிரிஞ்சைக் கொடுத்து
"ஊது, தண்டு நகரும்வரை ஊது" என்றான் அந்தப் பையன்.
ஊதியதும் படுக்கையைச் சாய்த்துக் காலைத் தூக்கினான்.
ஒன்று. இல்லை.
இரண்டு. இல்லை.
மூன்றாவதில் ஒரு வெற்றிடம்,
பிறகு டக்.
பிறகு, பழைய சோம்பேறித்தனமாய், டக்.
அழுதேன். எதற்கென்று நோட்டில் எழுதவில்லை.

பிறவியிலேயே ஒரு கள்ளப்பாதை இருக்கிறதாம் உள்ளே.
மின்சாரம் அதில் நுழைந்தால்
வெளியே வர வழி தெரியாமல்
ரவுண்டபோட்டில் சுற்றும் லோரிபோல் சுற்றுமாம்.
ஐம்பத்தொரு வருடம் சும்மா கிடந்த பாதை.
சுட்டு மூடலாமாம்.
மார்ச்சில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.
மயக்கம் வந்தால், நெஞ்சு வலித்தால்,
ஊதிக்கொண்டிராதே, உடனே வா என்றும் சொன்னார்கள்.

வேலைக்குத் திரும்பினால் மேஜையில் ஒரு கடிதம்.
அன்று பதற்றத்தில் உதவிப் பெண் ஷர்மிளா
பட்டனை அழுத்தியிருக்கிறாள்.
ரோஸ்லியின் லோரியில் அறுபது கிலோ கூடுதல்,
காரணம் எழுதவும்.
பதினேழு வருடத்தில் என் மேடையில் விழுந்த முதல் பிழை.

'அது நான்' என்று எழுதினேன்.
எழுதும்போது மீன் ஒரு தடவை புரண்டது.
எண் அடங்கட்டும் என்று
கொஞ்சம் பொறுத்துக்
கையெழுத்துப் போட்டேன்.